தாயில்லாத வீட்டில் தகப்பனும் மகனும்: முதல் வருடத்துக்கான வழிகாட்டி

மனைவியை இழந்த தகப்பனும் பதின்ம வயது மகனும் ஒரு லயக் காம்பராவில், அதாவது தோட்டத் தொடர்வீட்டு அறையில், தனித்து நிற்கும்போது, துக்கம் விசாரிக்க ஊரே வருகிறது. ஆனால் மறுநாள் காலை உலையில் எவ்வளவு அரிசி போடுவது, மறைந்தவரின் சேமலாப நிதியை எங்கே போய்க் கேட்பது, பையனை எப்போது மீண்டும் பாடசாலைக்கு அனுப்புவது என்பதையெல்லாம் சொல்லித் தர ஆள் கிடைப்பது அரிது. இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கத் தோட்டங்களில் இந்நிலைக்குப் புதிதாக வந்திருக்கும் தகப்பன்மாருக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் உறவினருக்கும் இதை எழுதுகிறேன். தோட்டப் பாடசாலையொன்றில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியராக இருப்பதால், இத்தகைய வீடுகளைப் பெரும்பாலும் பையனின் பக்கமிருந்தே பார்த்து வருகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வருடத்தில் மகனின் படிப்பையும், இருவரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் இராச் சாப்பாட்டையும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வீடு மாறுவது, கொழும்புக்கு வேலைக்குப் போவது, மறுமணம் போன்ற பெரிய முடிவுகள் ஒரு வருடம் பொறுக்கும். இந்த இரண்டும் பொறுக்கா.

முதலில் பத்திரங்கள்

கருமாதிக்கு முன்பே மரணத்தைப் பதிவு செய்துவிடுங்கள். வைத்தியசாலையில் இறந்திருந்தால் அங்கே தரும் படிவமும், வீட்டில் இறந்திருந்தால் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையும், தோட்டத்துக்குள் நடந்த மரணமாயின் தோட்ட நிர்வாகத்தின் அறிவித்தலும் பதிவாளருக்குப் போக வேண்டும். விபத்தாகவோ திடீர் மரணமாகவோ இருந்தால், திடீர் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை வரும்வரை பொறுத்திருக்க நேரும். பதிவைத் தள்ளிப்போட்டால் அது காலங்கடந்த பதிவாகி, சத்தியக்கடதாசி, சாட்சி என்று அலைச்சல் கூடும். மரணச் சான்றிதழில் ஐந்தாறு பிரதிகளை ஒரே தடவையில் எடுத்துவைப்பது நல்லது, ஏனெனில் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, வங்கி, பாடசாலை, சங்கம் என்று ஒவ்வோர் இடமும் தனித்தனியே கேட்கும்.

அதைக் கையில் வாங்கியவுடன், மற்றப் பத்திரங்களோடு ஒரு மேசையில் பரப்பி, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மலையகத்தில் பல குடும்பங்களின் பணம் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) மாரி என்று ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர் இருப்பது இங்கே புதினமே இல்லை. தகப்பனின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுப்பெயராகவும் இருக்கும். மூன்றும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் சேர்த்து வைத்துக்கொண்டால், காரியாலயத்தில் திருப்பி அனுப்பப்படும் வாய்ப்புக் குறையும். திருமணத்தைப் பதிவு செய்யாமல் கோயிலில் தாலி கட்டி வாழ்ந்த தம்பதியராக இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. அப்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் இருவரின் பெயரும் எப்படிப் பதியப்பட்டுள்ளன என்பதே முக்கிய ஆதாரமாகிறது. அத்தகையோர் தனியே அலையாமல், தொழிற்சங்கக் காரியாலயத்திலோ சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையிலோ முதலில் ஆலோசனை கேட்க வேண்டும்.

மறைந்தவர் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவராயின், குடும்பத்துக்கு மூன்று பணங்கள் சேர வேண்டியிருக்கும். முதலாவது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதமும் தொழில்கொள்வோரின் 12 சதவீதமும் இதில் சேர்ந்திருக்கும். இதற்கான விண்ணப்பம் தொழில் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயம் வழியாகப் போகிறது. பின்னுரித்தாளியாக, அதாவது இறந்தபின் பணத்தைப் பெறுபவராக, யாரின் பெயர் கொடுக்கப்பட்டுள்ளது என்று அங்கே முதலில் கேளுங்கள், ஏனெனில் கலியாணத்துக்கு முன் தன் தாயின் பெயரைக் கொடுத்துவிட்டுப் பிறகு மாற்றாமல் விட்டவர்கள் பலர். இரண்டாவது ஊழியர் நம்பிக்கை நிதி. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இதற்குத் தொழில்கொள்வோர் 3 சதவீதம் செலுத்துகிறார். இது வேறு நிறுவனம், வேறு விண்ணப்பம். சேமலாப நிதி கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று எண்ணி இதை மறந்துவிடுகிறார்கள். சேவையிலிருக்கும்போது இறந்தவருக்கு இந்நிதியில் காப்புறுதி நலனும் உண்டு என்பதையும் கேட்டறிய வேண்டும். மூன்றாவது பணிக்கொடை, தோட்டத்தில் சொல்வதென்றால் சர்வீஸ் காசு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஐந்து வருடம் பூர்த்தி செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும், கடைசியாகப் பெற்ற சம்பள வீதத்தில் 14 நாட் சம்பளம் சேர வேண்டும். உதாரணமாக 18 வருடம் கொழுந்தெடுத்தவருக்கு 252 நாட் சம்பளம். இக்கணக்கைத் துண்டில் எழுதிக்கொண்டு பெரிய கிளாக்கரிடம் போங்கள், பேச்சு சுருங்கும்.

அரசின் நிவாரணமான அஸ்வெசும கொடுப்பனவு மறைந்தவரின் வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருந்தால், குடும்ப விபரத்தைப் பிரதேச செயலகத்தில் மாற்றுங்கள். வீட்டுக் காணியின் உறுதிப் பத்திரம் அவர் பெயரிலோ இருவர் பெயரிலோ இருந்தால், அதன் பிரதியையும் இதே கோப்பில் வையுங்கள். லயத்தில் இருப்போர் கவனிக்க வேண்டியது வேறொன்று. மனைவி மட்டும் தோட்டத்தில் பேர் பதிந்திருக்க, கணவர் வெளியில் வேலை செய்தவரானால், காம்பராவை விடச் சொல்லும் பேச்சு சில இடங்களில் எழுவதுண்டு. அப்பேச்சு வாய்மொழியாக வந்தால் வாய்மொழியாகவே தலையாட்டிவிடாமல், எழுத்தில் தரச் சொல்லித் தொழிற்சங்கத் தலைவரிடம் கொண்டுபோங்கள்.

கடன் கணக்கு

சாவு வீட்டுச் செலவு, மரண உதவிச் சங்கம் தந்த தொகை, கடையில் எழுதிய கடன், அவர் பெயரில் எடுத்திருந்த நுண்கடன் என எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் மகனுக்கு முன்னாலேயே எழுதுங்கள். மகனை எதற்குச் சேர்ப்பது என்று கேட்பீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளை வீட்டுக் கடனை அறியாமலிருப்பதில்லை. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நடக்கும் பேச்சைக் காம்பராவில் படுத்தபடியே கேட்டு, உள்ளதைவிட மும்மடங்காக நினைத்துக்கொள்கிறான். உண்மைத் தொகையைப் பார்த்த பிள்ளை சற்று நிம்மதியடைவதையே நான் கண்டிருக்கிறேன். ஆனால் கணக்கைக் காட்டுவது வேறு, சுமையைக் கொடுப்பது வேறு. “இதை அப்பா கட்டுவேன், உன் பங்கு படிப்பு மட்டுந்தான் தம்பி” என்ற ஒரு வாக்கியத்தையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

முதல் தீபாவளி முற்பணத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. தீட்டு வருடத்தில் வீட்டில் பண்டிகை இல்லை. ஆனாலும் முற்பணம் வருகிறதே என்று எடுத்து, அது எங்கே போனதென்று தெரியாமல் பின்னர் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. இரு சம்பளம் ஒன்றான வருடத்தில் அந்த வெட்டு கடுமையாகத் தெரியும்.

அடுப்படி

அத்தை ஒருவர் பக்கத்து லயத்தில் இருந்தால் முதல் ஒரு மாதம் சோறு அங்கிருந்து வரும். நல்லது, வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் முப்பத்தோராம் நாள் முடிந்ததும் உங்கள் அடுப்பில் ஒருவேளையாவது உலை வைக்கத் தொடங்க வேண்டும். அடுப்பெரியாத வீட்டுக்குப் பையன் நேரத்தோடு திரும்ப மாட்டான். பாடசாலை விட்டதும் சந்தியில் நிற்பான், பிறகு அந்தச் சந்தியே அவனுக்கு வீடாகிவிடும்.

மூன்று பண்டங்களைச் சரியாகச் செய்யத் தெரிந்தால் வாரத்தை ஓட்டிவிடலாம்: ரொட்டி, சோறு, பருப்பு. ரொட்டிக்கு அரைக் கிலோ கோதுமை மாவும் அரை மூடித் தேங்காய்த் துருவலும் உப்பும் எடுத்து, இளஞ்சூட்டு நீரைச் சிறிது சிறிதாக விட்டு, மா கையில் ஒட்டாமல் வரும்வரை பிசையுங்கள். உருட்டி, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விட்டால் தட்டும்போது ஓரம் வெடிக்காது. கல் நன்றாகச் சுட்ட பிறகே போட்டு, தீயைத் தணித்து, இருபுறமும் பொட்டுப் பொட்டாகச் சிவக்க வேகவிடுங்கள். தீ கூடினால் வெளியே கருகி உள்ளே பச்சை மாவாக இருக்கும். இந்த அளவில் தடித்த ரொட்டி ஆறேழு வரும். காலைக்கும், நீங்கள் மலைக்குக் கொண்டுபோவதற்கும், பையனின் இடைவேளைக்கும் அது போதும். இரவே பிசைந்து வைத்துவிட்டால், காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் பதியுமிடத்துக்கு) ஓடுமுன் சுட்டெடுக்கலாம். தொட்டுக்கொள்ளக் கட்டச்சம்பல் இடிக்கும் வேலையைப் பையனிடம் கொடுங்கள்.

சோற்றுக்கு இருவருக்கும் ஒரு வேளைக்கு ஒரு சுண்டு அரிசி கணக்கு. மலைவேலை செய்த உடம்புக்கு இன்னும் அரைச் சுண்டு கூட்டலாம். பருப்பில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், குறிப்பாகக் கொழும்புக் கடைகளில் சமையல் பழகியவர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொதி கண்டாலும் சூடு குறைவு, ஆகவே பருப்பும் கடலையும் கீழ்நாட்டைவிட அதிக நேரம் எடுக்கும். கடலையை முதல்நாள் இரவே ஊறப்போடுங்கள். பருப்பு மசிந்த பின் உப்பும் தேங்காய்ப்பாலும் சேருங்கள். பிரஷர் குக்கர் வாங்க முடிந்தால், சர்வீஸ் காசில் வாங்கும் முதற் பொருளாக அது இருக்கலாம். தொலைக்காட்சியைவிடப் பயன்படும்.

வேலையைப் பிரிக்கும்போது, “நீ எனக்கு உதவி செய்” என்று பொதுவாகச் சொல்லாமல், முழுப் பொறுப்பாக ஒன்றைக் கொடுங்கள். தண்ணீர் பிடித்து வைப்பது, விறகை மழை படாமல் இஸ்தோப்பில் அடுக்குவது, இரவுப் பாத்திரம் கழுவுவது போன்ற ஏதாவது ஒன்று முழுக்க அவனுடையதாகட்டும். அதில் குறை சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். பதினைந்து வயதில் கழுவிய பானையின் அடியில் கரி இருக்கத்தான் செய்யும்.

சீருடை ஒரு தனிப் பாடு. தென்மேல் பருவ மழையில், மே தொடங்கிச் செப்டெம்பர் வரை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை உலராது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டால் காயும், ஆனால் புகை மணமும் மஞ்சளும் ஏறும். அந்த மணத்துக்காக வகுப்பில் கிண்டல் வாங்கிய பிள்ளைகள் பாடசாலைக்கு வராமல் நின்றதுண்டு. தாய் இருந்தபோது இப்பிரச்சினை ஏன் தெரியவில்லை என்று பார்த்தால், அவர் வெள்ளி மாலையே துவைத்து, நீரை முறுக்கிப் பிழிந்து, காய்ந்த துவாயில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்த பிறகே கொடியில் போட்டிருப்பார். அதையே செய்யுங்கள், முடிந்தால் மூன்றாவது சட்டை ஒன்றையும் தைத்து வையுங்கள்.

மகன்

பெரியவர்களின் துக்கத்தைப் போல் பையன்களின் துக்கம் அழுகையாக வெளிவருவது குறைவு. எரிச்சல், வயிற்றுவலி, தலையிடி, இரவில் விழித்திருப்பது, கொப்பியைத் திறந்து வைத்துவிட்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று வரும். சிலர் ஒரு வாரம் சிரித்து விளையாடி, ஆறாம் மாதத்தில் திடீரென்று உடைவார்கள். சாவு வீட்டிலேயே பந்து விளையாடப் போனான், கல்நெஞ்சக்காரன் என்று உறவினர் சொல்லும் பேச்சை அவன் காதில் விழவிடாதீர்கள்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று தகப்பன்மார் கேட்கிறார்கள். எதிரெதிரே உட்காரவைத்து, “மனசுல என்ன இருக்கு, சொல்லு” என்று கேட்டால் “ஒண்ணுமில்லப்பா” என்ற பதில்தான் வரும். விறகு பிளக்கும்போதோ, கடைக்கு நடந்து போகும்போதோ, ரொட்டி சுடும்போதோ, முகம் பார்க்காமல் நீங்களே முதலில் தாயைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள். “அம்மா இருந்தா இந்த ரொட்டியப் பார்த்துச் சிரிச்சிருப்பா” என்ற ஒரு வாக்கியம் போதும். அவன் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பெயரைச் சொல்ல இந்த வீட்டில் தடையில்லை என்பதை அவன் புரிந்துகொள்வான். நீங்கள் அழ நேர்ந்தால் மறைக்க வேண்டாம். ஆனால் உங்களைத் தேற்றும் வேலையை அவன் மேல் போடாதீர்கள். அதற்கு அண்ணன் தம்பி, கூட்டாளி, கோயில் பூசகர் என்று வேறு ஆட்களைத் தேடிக்கொள்ளுங்கள்.

பாடசாலைக்குத் தாமதமின்றி அனுப்புங்கள். கருமாதிவரை நிற்பது வழக்கமென்றால் நிற்கட்டும், அதற்கு மேல் நீட்டாதீர்கள். அனுப்புமுன் நீங்களே வகுப்பாசிரியரைச் சந்தித்து, மரணம் எப்படி நடந்தது, வகுப்பில் என்ன சொல்லலாம், என்ன சொல்ல வேண்டாம் என்பதைப் பேசிவிடுங்கள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியிருந்தால், எழுதவே கூடாது என்றும் எழுதியே தீர வேண்டும் என்றும் இருபுறமும் ஆட்கள் பேசுவார்கள். எழுதட்டும் என்பதே என் ஆலோசனை, குறைந்த பெறுபேறு வந்தால் அடுத்த தடவை மீண்டும் எழுதலாம் என்ற உறுதியோடு. தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பம் பாடசாலை வழியாகவே போவதால், அவனது பிறப்புச் சான்றிதழையும் அந்தச் சந்திப்பிலேயே அதிபரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் மூன்றாம், நான்காம் மாதத்தில் ஒரு நாள் பையன் சொல்வான்: “அப்பா, நான் கொழும்புக்குக் கடைக்குப் போறேன்.” தரகரோ தூரத்து மாமாவோ ஏற்கெனவே பேசியிருப்பார். அதை நல்ல பிள்ளையின் பொறுப்புணர்வு என்று எண்ணித் தகப்பன் நெகிழ்ந்துவிடுவது வழக்கம். பல தடவை அது பொறுப்புணர்வு மட்டுமன்று, தாயில்லாத காம்பராவில் இருக்க முடியாமல் ஓடுவதுமாகும். சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது, ஆபத்தான தொழில்களுக்கு 18. கட்டாயக் கல்வியும் 16 வயதுவரை. ஆகவே “இப்போது முடியாது” என்று சொல்லிவிட்டு, அத்தோடு நிறுத்தாமல், சாதாரண தரத்துக்குப் பின் என்ன செய்யலாம் என்பதை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். உயர்தரம் படிக்கும் எண்ணமில்லையென்றால், ஹட்டனில் உள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம், தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் ஆகியவற்றுக்கு ஒரு சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு போய் விசாரியுங்கள். கையில் விண்ணப்பப் படிவம் இருக்கும் பையனைத் தரகரால் அசைப்பது கடினம்.

அம்மாயி வீட்டில் விட்டுவிடலாமா என்ற கேள்வியும் வரும். அவனே விரும்பினால், பாடசாலை மாறாமல் இருந்தால், வார இறுதிகளில் நீங்கள் போக முடிந்தால் யோசிக்கலாம். தாயைப் பறிகொடுத்த வருடத்திலேயே தகப்பனையும் பாடசாலையையும் கூட்டாளிகளையும் விட்டுப் பிரிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆபத்தான அறிகுறிகள்

வாழ்ந்து என்ன பயன் என்று பேசுவது, தனக்குப் பிடித்த பொருட்களைக் கூட்டாளிகளுக்குக் கொடுத்துவிடுவது, பல நாள் உண்ணாமல் உறங்காமல் இருப்பது, திடீரென்று குடிக்கத் தொடங்குவது ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள். “சாகணும்னு தோணுதா?” என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பேச ஒரு வழிதான் திறக்கும். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்களையும் மிஞ்சிய மாத்திரைகளையும் வீட்டிலிருந்து இன்றே அகற்றி, வேறொருவரின் பூட்டிய இடத்தில் வையுங்கள். இது தகப்பனுக்கும் பொருந்தும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இலவச ஆலோசனைக்கு 1333, சிறுவருக்கான இலக்கம் 1929, அவசர அம்புலன்ஸ் 1990. தமிழில் பேசலாம். மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலச் சிகிச்சைப் பிரிவுக்குப் போவது பைத்தியப் பட்டம் வாங்குவதாகாது, காய்ச்சலுக்குப் போவது போன்றதே.

குடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாவு வீட்டில் ஊற்றிக் கொடுத்தது முப்பது நாளைக்குப் பின்னும் தொடர்ந்தால், மேலே எழுதிய எதுவும் நடக்காது. சம்பள நாளில் சந்தியில் இறங்காமல் நேராக வீட்டுக்கு வாருங்கள். முடியாவிட்டால், அன்று மட்டும் மகனைக் கடைக்கு வரச் சொல்லி, சாமான் வாங்கும் காசை முதலில் செலவழித்துவிடுங்கள்.

அவருடைய பொருட்கள்

உறவுப் பெண்கள் சேலைகளைப் பங்கிட வருமுன் மகனிடம் கேளுங்கள். கொழுந்துக் கூடையையோ, இடுப்பில் கட்டிய படங்கையோ, பழைய கம்பளியையோ அவன் கேட்கக்கூடும். ஏனென்று விசாரிக்காமல் கொடுத்துவிடுங்கள். கைத்தொலைபேசியை விற்காதீர்கள். அதிலுள்ள படங்களையும் குரற்பதிவுகளையும் வேறொரு தொலைபேசிக்கு மாற்றிய பின்பும், சிம் அட்டைக்கு அவ்வப்போது ரீலோட் செய்து வாருங்கள், செய்யாவிட்டால் இலக்கம் இன்னொருவருக்குப் போய்விடும். அந்த இலக்கத்துக்கு மகன் அழைத்துப் பார்ப்பதுண்டு.

வருடம் திரும்பும்போது

மறுமணப் பேச்சை முதலில் எடுப்பவர் பெரும்பாலும் உங்கள் தாயாகவே இருப்பார். வருடத் திதி முடியட்டும் என்று சொல்லி நிறுத்துங்கள். பிறகு உங்களுக்கே அந்த எண்ணம் வந்தால், லயத்துப் பேச்சாக மகன் கேள்விப்படுமுன் நீங்களே அவனிடம் சொல்லுங்கள். அவனது சம்மதம் உடனே கிடைக்காது, ஆனால் கேட்டார் என்பது நினைவில் நிற்கும்.

திதிக்கு ஒரு மாதம் முன்பே தாய்மாமனுக்குச் சொல்லி, சடங்கில் மகன் செய்ய வேண்டியதை அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அன்றைய சமையலில் தாய்க்குப் பிடித்த கறி எதுவென்று முடிவு செய்வதை மகனிடமே விடுங்கள். திதி கழிந்த வாரத்தில் கடன் கொப்பியையும் பத்திரக் கோப்பையும் மீண்டும் மேசையில் எடுத்து வைத்து, வராமல் நிற்கும் பணம் எது, அதற்கு எந்தக் காரியாலயத்துக்கு யார் போவது என்று இருவரும் எழுதிக்கொள்ளுங்கள். தள்ளிவைத்த வீட்டு மாற்றத்தையும் வெளியூர் வேலையையும் பற்றிப் பேச வேண்டியது அதற்குப் பிறகே.